நீதிபதி மீது முதல் தகவல் அறிக்கை

2013 நவம்பர் 12-ம் தேதி லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் பி. சதாசிவம். பவானிப் பக்கத்துக் கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கொங்கு மண்ணிலிருந்து இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர். உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறுமி காணாமல் போனாள். அப்பா கொடுத்த புகாரைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டதே தவிர வழக்காகப் பதியவில்லை. அந்த அப்பா உச்ச நீதிமன்றம் வரை போனதால் நாட்டுக்கு ஒரு விதி கிடைத்தது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-வது பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிந்தே தீர வேண்டும். பதியலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உரிமை ஸ்டேஷன் அதிகாரிக்கு இல்லை. ஊழல் புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முன்கூட்டியே சிறு விசாரணை நடத்தலாம், அதற்கும் நாள் கணக்கு உண்டு என்றது தீர்ப்பு.

அதே பிரிவுக்கு அதே நீதிமன்றம் 22 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விலக்கு எழுதி வைத்திருந்தது. 1991 ஜூலை 25-ல் வெளியான கே. வீராசாமி வழக்கின் தீர்ப்பு அது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் 154-ன் கீழ் எந்தக் குற்ற வழக்கும் பதியக் கூடாது என்றது. அந்த ஆலோசனையை எத்தனை நாளில் முடிக்க வேண்டும், முடியாது என்றால் காரணம் எழுத வேண்டுமா, எழுதிய காரணத்தை யாருக்காவது காட்ட வேண்டுமா என்பதற்கெல்லாம் அந்தத் தீர்ப்பில் விதி இல்லை.

லஞ்சம் வாங்கும் நீதிபதிக்குத் தண்டனை போதவில்லை என்று அடிக்கடி பேசப்படுகிறது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் தண்டனைக்குக் குறைவில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவில் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை. வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்தால் 13-வது பிரிவில் நான்கிலிருந்து பத்து ஆண்டு. சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தே ஊழல் நோக்கத்தோடு தீர்ப்புச் சொன்னால் பழைய தண்டனைச் சட்டத்தின் 219-வது பிரிவு, இப்போதைய நியாய சன்ஹிதாவின் 257-வது பிரிவு, ஏழு ஆண்டு வரை. பொது ஊழியர் என்ற சொல்லுக்குள் நீதிபதியும் அடக்கம் என்று 1988-ம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தகராறு முழுக்க அந்த முதல் காகிதத்தில்தான். அதை யார் எழுதுவது, எத்தனை நாளில் எழுதுவது?

வீராசாமியின் கதை தெரிந்தால்தான் இந்த விலக்கு எங்கிருந்து வந்தது என்பது புரியும். 1941-ல் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர், 1960-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார், 1969 மே 1-ல் தலைமை நீதிபதி. 1976 பிப்ரவரி 24-ல் சி.பி.ஐ. அவர் மீது வழக்குப் பதிந்தது. நான்கு நாளில் முதல் தகவல் அறிக்கை சென்னைச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று. மார்ச் 9-ல் விடுப்பில் சென்றார், ஏப்ரல் 8-ல் வயது முடிந்து ஓய்வு பெற்றார். 1977 டிசம்பர் 15-ல் குற்றப்பத்திரிகை. தலைமை நீதிபதியாக இருந்த ஏழாண்டுக்குள் வருமானத்துக்குப் பொருந்தாமல் சேர்ந்ததாக அதில் சொல்லப்பட்ட தொகை 6,41,416 ரூபாய் 36 பைசா.

அந்தத் தேதிகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலை அமலில் இருந்தது. மூன்றாண்டுக்கு முன்னர்தான் உச்ச நீதிமன்றத்தில் மூன்று மூத்த நீதிபதிகளை ஓரங்கட்டிவிட்டு ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியிருந்தது மத்திய அரசு. அப்படிப்பட்ட அரசின் கையில் இருக்கும் போலீஸ், ஓர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மீது வழக்குப் பதிகிறது. குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய மற்ற நீதிபதிகளுக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும்? அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. எனவே ஒரு காவல் தேவை என்று நீதிமன்றம் கருதியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீராசாமியின் வாதம் வேறு வகை. நீதிபதியை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது, ஊழல் சட்டமோ நீக்கும் அதிகாரம் உள்ளவரிடம் முன் அனுமதி கேட்கிறது, நாடாளுமன்றம் ஒரு வழக்குக்கு அனுமதி தர முடியாது, ஆகவே இந்தச் சட்டமே நீதிபதிக்குப் பொருந்தாது என்றார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 1979-ல் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீடு பன்னிரண்டு ஆண்டு கிடந்தது. கடைசியில் ஐந்தில் நான்கு பேர், நீதிபதியும் பொது ஊழியரே, அனுமதி தரும் அதிகாரி குடியரசுத் தலைவர், அவர் தலைமை நீதிபதியின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்றார்கள். ஜே.எஸ். வர்மா மட்டும் மாறுபட்டார். நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றாதவரை இந்தச் சட்டம் நீதிபதிக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து. பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டத்தை நீதிபதியின் வாசல் வரை கொண்டுவந்தது, அங்கேயே கலந்தாலோசனை என்ற தாழ்ப்பாளையும் போட்டது.

வீராசாமி 2010-ல் காலமானார். தண்டனை என்று எதுவும் அவருக்கு வரவில்லை. அவர் குற்றவாளியா நிரபராதியா என்று எந்த விசாரணை நீதிமன்றமும் சாட்சியம் கேட்டு முடிவு சொல்லவும் இல்லை. அவர் நிரபராதியாக இருந்திருந்தால் அது அவருக்கே எவ்வளவு பெரிய அநீதி.

இதெல்லாம் மேல் கோர்ட்டுக் கதை. கோயம்புத்தூர்க்காரருக்கு நீதிமன்றம் என்றால் கோபாலபுரம் கோர்ட் வளாகம். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி, பவானி முன்சீப் கோர்ட்டுகள். கொங்கு நாட்டில் கோர்ட் படி ஏறாத குடும்பம் குறைவு. பாகப்பிரிவினை, கூட்டுக் கிணற்றில் முறைத் தண்ணீர், வண்டிப்பாதை, திருப்பூர்ப் பனியன் வியாபாரத்தில் திரும்பி வந்த செக், அவிநாசி ரோட்டில் விபத்து நஷ்டஈடு. பாசி நிதி மோசடி வழக்கைச் சொன்னாலே போதும். திருப்பூரில் 2009-ல் வெடித்த அந்த விவகாரத்தில் போன பணம் சுமார் 930 கோடி ரூபாய். கோவை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில்தான் முக்கியக் குற்றவாளிகள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறை விதித்தது. பதின்மூன்று ஆண்டு காத்திருந்தவர்களுக்கு அந்த நீதிபதியின் நாணயத்தைத் தவிர வேறு பிடிமானம் ஏது?

அதே பாசி விவகாரத்தில், மோசடி செய்தவர்களைத் தப்பவைப்பதாகச் சொல்லிப் பணம் பறித்தார் என்று ஓர் ஐ.ஜி. மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டு, 2012-ல் அவரைக் கைதும் செய்தது. போலீஸ் துறையில் அவ்வளவு உயரத்தில் இருந்தவரைப் பிடிக்கச் சட்டத்துக்குத் தடை இருக்கவில்லை. தலைமை நீதிபதியிடம் முதலில் கேட்டுவிட்டு வர வேண்டியதும் இருக்கவில்லை.

கீழ்க் கோர்ட்டில் பணம் எப்படிக் கை மாறுகிறது என்பதை வழக்குக்காரர்கள் பேசும் பேச்சிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். லஞ்சம் என்ற சொல்லே அங்கே வராது. "எதிர்பார்ட்டி பார்த்துட்டாங்களாமுங்க" என்பார் ஒருவர். "மேல வரைக்கும் போகணுமுங்கண்ணா, நாம சும்மா இருந்தா கட்டு நகராது" என்பார் கூட வந்தவர். நகல் பிரிவில் நூறு இருநூறு, சம்மன் சார்பு செய்ய அமீனாவுக்குக் கொஞ்சம், வாய்தா தேதிக்குக் கொஞ்சம் என்று போகிற சில்லறை ஒருபுறம். இன்னொருபுறம், 'ஜட்ஜய்யாவுக்கு' என்று சொல்லி வாங்கப்படும் பெரிய தொகை. பெரும்பாலான நேரத்தில் அந்த ஜட்ஜய்யாவுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது என்பது என் எண்ணம். வழக்கு எப்படியும் ஒரு பக்கம் ஜெயிக்கும். ஜெயித்தவரிடம் வாங்கியதைத் தரகர் வைத்துக்கொள்வார், தோற்றவரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து நல்ல பேர் எடுப்பார். 2018-ம் ஆண்டுத் திருத்தம் இதற்கென்றே 7ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது. பொது ஊழியர் ஒருவரை வசப்படுத்தித் தருகிறேன் என்று பணம் வாங்கினால், அந்தப் பணம் அவரிடம் போய்ச் சேராவிட்டாலும் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு. கோவை வளாகத்தில் இந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்ட வழக்குக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்?

லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைக்கும் முறை தாலுகா அலுவலகத்தில் நன்றாக வேலை செய்கிறது. புகார் எழுதி வாங்குவார்கள், வழக்குப் பதிவார்கள். வேறு அரசு அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைச் சாட்சியாக அழைத்து வருவார்கள். புகார்தாரர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக மகஜரில் எழுதி, நோட்டின் மேல் ஃபினால்ப்தலீன் தூளைத் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளைத் தூள். பணம் கை மாறியதும் அந்தக் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வார்கள். தெளிவாக இருந்த நீர் இளஞ்சிவப்பாகும். அதைப் பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நீதிபதி விஷயத்தில் இந்தப் பாட்டில் பெரும்பாலும் உதவாது. அவர் நோட்டைத் தொட மாட்டார். நடுவில் இரண்டு மூன்று கைகள் இருக்கும். எனவே போன் பேச்சு, வங்கிக் கணக்கு, லாக்கர், உத்தரவு போடப்பட்ட நேரம் என்று சூழ்நிலைச் சாட்சியத்தைத்தான் கோக்க வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சி ஆனாலோகூட இப்படிப்பட்ட சாட்சியத்தைக் கொண்டு லஞ்சத்தை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பர் 15-ல் நீரஜ் தத்தா வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. நீதிபதி வழக்குகளுக்கு அதைவிடப் பொருத்தமான தீர்ப்பு சமீபத்தில் வரவில்லை.

கீழமை நீதிபதி மீது நடவடிக்கை எடுக்க அரசியல் சாசனத்தின் 235-வது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு முழுக் கட்டுப்பாட்டைக் கொடுத்திருக்கிறது. தற்காலிகப் பணி நீக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் எல்லாம் அதன் முடிவுப்படியே வரும். அது வேகமாகவும் வரும். 2012-ல் ஐதராபாத்தில் சுரங்க வழக்கொன்றில் கோடிக்கணக்கில் பணம் பேசி ஜாமீன் கொடுத்ததாகப் புகார் எழுந்தபோது, ஜாமீன் கொடுத்த சி.பி.ஐ. கோர்ட் நீதிபதியை உயர் நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தற்காலிகப் பணி நீக்கம் செய்தது, பிறகு கைதும் நடந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிக்குக் கிடைக்கும் காவலில் பாதிகூட முன்சீப்புக்கு இல்லை.

ஆனால் முன்சீப்புக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் காவல் தேவை என்பதை மறக்கக் கூடாது. 1989 செப்டம்பரில் குஜராத்தின் நடியாத் ஊரில், போலீஸை அடிக்கடி கண்டித்துவந்த தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டைப் போலீஸாரே ஸ்டேஷனுக்கு வரவழைத்து அடித்து, வாயில் மதுவை ஊற்றி, விலங்கு மாட்டி, கயிற்றால் கட்டினார்கள். அவர்களைத் தண்டித்து 1991 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, மாவட்ட நீதிபதிக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ தெரிவித்தே நீதித் துறை அதிகாரியைக் கைது செய்ய வேண்டும், சாதாரணமாக விலங்கு போடக் கூடாது. வீராசாமி தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். இரண்டிலும் ஒரே கவலைதான், ஆனால் நடியாத் விதி ஸ்டேஷனில் வழக்குப் பதிவதை நிறுத்தவில்லை. கைது செய்யும் முறையை மட்டும் ஒழுங்குபடுத்தியது. மேல் கோர்ட் நீதிபதிகளுக்கும் இந்த அளவு காவல் போதும் என்பது என் நிலை.

இன்னொரு பயமும் உண்மை. ஒரு ஜாமீன் உத்தரவு தவறாகிவிட்டால் 'பணம் வாங்கிவிட்டார்' என்று மொட்டைக் கடுதாசி போய்விடும் என்று பயந்து, கொடுக்க வேண்டிய ஜாமீனைக் கொடுக்காமல் மேலே தள்ளிவிடும் மாஜிஸ்திரேட்டுகள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கான விலையைச் சிறையில் கிடப்பவர் கொடுக்கிறார். நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம், 1985 இதற்காகத்தான் இருக்கிறது. தீர்ப்பு தவறு என்பதற்காக நீதிபதி மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அரசோ, உயர் நீதிமன்றமோ, உச்ச நீதிமன்றமோ எடுக்கும் நடவடிக்கையை அது தடுக்காது என்பதையும் அதே 3-வது பிரிவே சொல்கிறது. தவறான தீர்ப்பு ஒன்று, விற்கப்பட்ட தீர்ப்பு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலையைப் புகார்தாரரிடமோ பத்திரிகையிடமோ விட முடியாது, விசாரணைதான் செய்ய வேண்டும். ஆகவே விசாரணை தொடங்கியாக வேண்டும்.

மேலே அது எப்படித் தொடங்குகிறது? 2008 ஆகஸ்ட் 13 இரவு சண்டிகரில் 15 லட்சம் ரூபாய் இருந்த பை ஒன்று ஓர் உயர் நீதிமன்றப் பெண் நீதிபதியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் உடனே போலீஸுக்குச் சொன்னார். அந்தப் பை நீதிபதி நிர்மல் யாதவுக்குப் போக வேண்டியது, பெயர் ஒற்றுமையால் வீடு மாறிவிட்டது என்பது வழக்கு. அனுமதி கிடைத்துக் குற்றப்பத்திரிகை தாக்கலானது 2011 மார்ச்சில், அவர் ஓய்வு பெறும் தறுவாயில். 2025 மார்ச் 29-ல் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பதினாறு ஆண்டுக்கு மேல் ஒரு பெண்மணி குற்றம் சாட்டப்பட்டவராகவே வாழ்ந்திருக்கிறார். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் எஸ்.என். சுக்லா மீது 2018 ஜனவரியிலேயே மூன்று நீதிபதிகளின் உள் விசாரணைக் குழு பாதகமாக அறிக்கை தந்தது. அவரிடமிருந்து வழக்குகள் எடுக்கப்பட்டன. வழக்குப் பதிய அன்றைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் அனுமதி கொடுத்தது 2019 ஜூலையில். சி.பி.ஐ. பதிந்தது அதே ஆண்டு டிசம்பரில். பதவிக்காலம் முடித்து 2020-ல் ஓய்வு பெற்றார். குற்றப்பத்திரிகை வந்தது 2021-ல்.

2025 மார்ச் 14 இரவு டெல்லியில் நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு வீட்டு ஸ்டோர் ரூமில் தீப்பிடித்தது. தீயணைக்க வந்தவர்கள் பார்த்தது எரிந்த நோட்டுக் கட்டுகள். தனக்கும் பணத்துக்கும் தொடர்பில்லை என்று அவர் மறுத்தார். முதல் தகவல் அறிக்கை பதியக் கோரிய மனுவை, உள் விசாரணை நடக்கிறது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் மார்ச் 28-ல் ஏற்க மறுத்தது. உள் விசாரணை அறிக்கை குடியரசுத் தலைவருக்குப் போயிற்று, ஜூலையில் மக்களவையில் பதவி நீக்கத் தீர்மானம், ஆகஸ்ட் 12-ல் மூவர் குழு. அந்த மூவரில் ஒருவர் அப்போதைய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மணீந்திர மோகன் ஸ்ரீவஸ்தவா. இன்னொருவர், ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்ததால் தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த பி.வி. ஆச்சார்யா. இவ்வளவு பெரியவர்கள் இவ்வளவு நாள் உழைப்பது பதவியைப் பறிக்கலாமா என்று சொல்ல. அந்தப் பணம் யாருடையது, யார் எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது போலீஸ் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு தாசில்தார் வீட்டில் இப்படி நோட்டு எரிந்திருந்தால் அன்று இரவே ஸ்டோர் ரூமுக்குச் சீல் வைத்திருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டைச் சீராக்கப் புதிய சட்டப் புரட்சி எதுவும் வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு 2018-ல் திருத்தப்பட்டபோது, வழக்குத் தொடர அனுமதி கேட்டால் மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல முயல வேண்டும், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்று எழுதினார்கள். அமைச்சருக்கும் அதிகாரிக்கும் பொருந்தும் இந்தக் கணக்கைத் தலைமை நீதிபதியுடனான கலந்தாலோசனைக்கும் வைக்கலாம். மறுத்தால் எழுத்தில் காரணம், அந்தக் காரணத்தை உச்ச நீதிமன்றத்தின் மூன்று மூத்த நீதிபதிகள் பார்ப்பது. சாட்சியம் அழிந்துபோகக்கூடிய இடத்தில், எரிந்த அறை போன்றவற்றில், பதிவுக்கு முன்பே இடத்தைப் பாதுகாக்கப் போலீஸுக்கு அனுமதி. இவற்றை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. வீராசாமி தீர்ப்பை எழுதிய நீதிமன்றமே அதன் விடுபட்ட பக்கத்தையும் எழுதலாம்.

தண்டனை பற்றிப் பேசும்போது விட்டுப்போகும் ஒருவர் இருக்கிறார். காசு கொடுக்காததால் தோற்றவர். நீதிபதி சிறைக்குப் போனாலும் அவருடைய கிணற்றுப் பங்கோ வண்டிப்பாதையோ தானாகத் திரும்பாது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லூசர்ன் கவுண்டியில், தனியார் சிறார் காப்பகங்கள் தொடர்பாகப் பணம் பெற்று, அங்கே சிறுவர்களை அனுப்பிவைத்த இரண்டு நீதிபதிகளுக்கு 2011-ல் 28 ஆண்டும் பதினேழரை ஆண்டும் சிறை கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. அம்மாநில உச்ச நீதிமன்றம், அந்தக் கோர்ட்டில் அவர்கள் பணம் பெற்ற ஆண்டுகளில் சிறுவர்கள் மீது வந்த ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்தது. எந்தக் குடும்பமும் தனித்தனியாக வக்கீல் பிடித்து ஓட வேண்டியிருக்கவில்லை. இங்கே கையில் இருப்பது 1993-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், எஸ்.பி. செங்கல்வராய நாயுடு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்ன கொள்கை. மோசடியால் பெற்ற தீர்ப்பு செல்லாது, எந்த நீதிமன்றத்திலும் எப்போதும் அதை எதிர்க்கலாம். கொள்கை சரி, ஆனால் மோசடியை மெய்ப்பிக்கும் சுமை தோற்றவர் தலையில். ஒரு நீதிபதி லஞ்சத்துக்காகத் தண்டிக்கப்பட்டால், குற்றப்பத்திரிகையில் சொல்லப்பட்ட காலத்தில் அவர் கையெழுத்திட்ட கட்டுகளை உயர் நீதிமன்றத்தின் விஜிலன்ஸ் பதிவாளர் எடுத்துப் பார்த்து, சந்தேகப்படும்படியானவற்றை மறு விசாரணைக்கு அனுப்பி, பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குக் கோர்ட் செலவிலேயே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நோட்டீஸுக்கு அவரிடம் பேட்டா கேட்கக் கூடாது.